வலைச் செயலிகளுக்குப் பொதுக் காவல்: பாதுகாப்பு நிரலகம் பற்றிய ஒரு பாடம்

அந்தமான் தீவுகளின் தலைநகரம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதுகாறும் அது போர்ட் பிளேர் என வழங்கிற்று. அந்நகரோடு ஒரு பாலத்தால் இணைக்கப்பட்டுள்ள சாத்தம் என்னும் சிறு தீவில்தான், 1789-ஆம் ஆண்டில், ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் அதிகாரி அமைத்த முதற் குடியேற்றம் தொடங்கிற்று. இன்று அத்தீவின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசாங்க மர அறுவை ஆலையாகும். ஆசியாவின் பழமையான அறுவை ஆலைகளுள் ஒன்றாகிய அவ்வாலையில் படாக்கு, குர்ஜன் முதலிய தீவு மரங்கள் பல தலைமுறைகளாக அறுக்கப்பட்டு வந்துள்ளன.

சுழலும் வாளின் முன் நின்று வேலை செய்வோனுக்கு எத்தகைய காவல் வேண்டும் என்பதை அறுவைத் தொழில் நெடுங்காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. ஒவ்வொரு தொழிலாளியும் தன் வாளுக்குத் தானே மறைப்பு செய்துகொள்ளட்டும் என்று எந்த ஆலையும் விட்டுவிடுதல் இயலாது. அவ்வாறு விட்டால் ஒருவன் தகரத்தால் செய்வான். மற்றொருவன் பலகையால் செய்வான். அவசரத்தில் இருப்பவன் செய்யாமலே விட்டுவிடுவான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அபாயமுள்ள யந்திரப் பகுதிகளை உறுதியான தடுப்புக்களால் மறைக்கும் கடமையை நிர்வாகத்தின்மீது வைத்தது. காவல் என்பது தனி மனிதனின் திறமையைப் பொறுத்ததன்று. ஒரு முறை நன்கு வடிவமைத்து, சோதித்து, எல்லா யந்திரங்களிலும் ஒரே வகையாகப் பொருத்தப்படவேண்டியது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

கணிப்பொறித் துறையில் இக்கருத்து மிகத் தாமதமாகவே வேரூன்றியது. இக்கட்டுரை, வலைச் செயலிகளைப் பாதுகாப்பாக அமைப்பதற்குப் பொதுவான காவல் நிரல்களின் தொகுதி எங்ஙனம் உதவுகிறது என்பதையும், அத்தொகுதியை நம்புவதில் எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதையும் விளக்க முற்படுகிறது.

வலைச் செயலியும் தீவு வாழ்க்கையும்

வலைச் செயலி என்பது, பயன்படுத்துவோரின் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவியில் ஒரு படிவமாகத் தோன்றி, அதில் நிரப்பப்படும் செய்திகளைத் தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணிப்பொறிக்கு அனுப்பி, அங்குள்ள தரவுத்தளத்தில் தேடவோ எழுதவோ செய்து, விடையை மீண்டும் ஒரு பக்கமாகக் காட்டும் நிரலாகும். வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, தேர்வு முடிவு, பயணச் சீட்டு ஆகிய அனைத்தும் இன்று இம்முறையில் நடைபெறுகின்றன.

தீவுகளில் இதன் முக்கியத்துவம் சற்று மிகுதி. சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரையான பாம்பூ பிளாட்டுக்கு வண்டிகளோடு செல்லும் படகில் ஏறுவதற்கு முன்னேற்பாடு வேண்டுவதில்லை. ஆனால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கப்பலில் செல்ல வேண்டிய குடும்பத்துக்குப் பயணச் சீட்டே முதற் கவலை. மருத்துவத்துக்காகத் தாய்நிலம் செல்லும் நோயாளி ஒருவரின் இடம் தவறுதலாக ரத்தாயிற்று என்றால், அடுத்த இரயிலைப் பிடிக்கலாம் என்று ஆறுதல் சொல்வதற்கு அங்கே வழியில்லை. அடுத்த கப்பலுக்குப் பல நாட்கள் காத்திருத்தல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் வரையில் தீவுகளின் இணையத் தொடர்பு பெரிதும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. அன்று சென்னையிலிருந்து கடலடியில் இடப்பட்ட ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வமைப்பு போர்ட் பிளேரை மட்டுமன்றி, சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் ஆகியவற்றையும் சென்னையோடு இணைத்தது. இந்த மாறுதலுக்கும் நமது பாடத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையாகத் தோன்றாது. ஆயினும் அது முக்கியமானது.

புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. உலாவியின் கேள்வி மேலேறிக் கீழிறங்கவும், விடை அவ்வாறே திரும்பி வரவும், அலை நான்கு முறை அத்தூரத்தைக் கடக்கின்றது. ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு அரை வினாடி செல்லும். கடலடி வடத்தில் இது நூற்றில் சில பங்கு வினாடியாகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அரை வினாடி காத்திருக்க நேர்ந்த காலத்தில், படிவத்தின் பிழைகளை வழங்கிக்கு அனுப்பிச் சோதிப்பதைவிட உலாவியிலேயே சோதித்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் நிரல் எழுதுவோருக்கு இயல்பாகவே எழும். பயன்படுத்துவோரின் வசதிக்கு அது நல்லதே. ஆனால் உலாவியில் செய்யும் சோதனை பாதுகாப்பு ஆகாது. உலாவி பயன்படுத்துவோனின் கையில் உள்ள கருவி. அதிலுள்ள சோதனையை அவன் நீக்கிவிடலாம். உலாவியே இன்றி வேறொரு நிரலைக் கொண்டு வழங்கிக்கு நேரே செய்தி அனுப்பலாம். ஆதலின் உலாவியில் செய்த ஒவ்வொரு சோதனையும் வழங்கியில் மறுபடியும் செய்யப்படுதல் வேண்டும். மெதுவான தொடர்புக் காலத்தில் எழுதப்பட்ட பழைய செயலிகளை ஆய்வோர் முதலில் நோக்கவேண்டிய இடம் இதுவே.

பொது நிரலகம் தோன்றிய வரலாறு

2001-ஆம் ஆண்டில் தோன்றிய ஓவாஸ்ப் என்னும் தன்னார்வ அமைப்பு, வலைச் செயலிகளில் மிகுதியாகக் காணப்படும் குறைகளைப் பட்டியலிட்டு 2003-ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. பட்டியலை மீண்டும் மீண்டும் புதுப்பித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று: குறைகளின் பெயர்கள் சிறிது மாறினவேயன்றி அவற்றின் வேர்கள் மாறவில்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிரலர், உள்ளீட்டைச் சோதிக்கும் நிரலையும் கடவுச்சொல்லைக் காக்கும் நிரலையும் தாமே புதிதாக எழுதிக்கொண்டிருந்தனர். ஒரே பிழையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தனர்.

இதற்கு மாற்றாக, ஜெஃப் வில்லியம்ஸ் என்பார் முன்னின்று தொடங்கிய முயற்சியே ஈசாப்பி என்று சுருக்கமாக வழங்கும் பாதுகாப்பு நிரலகம். நிரலகம் என்பது பலரும் எடுத்துப் பயன்படுத்துமாறு ஆயத்தமாக வைக்கப்பட்டுள்ள நிரல்களின் நூலகம். ஈசாப்பி முதன்மையாக ஜாவா மொழிக்கென எழுதப்பட்டு, எவரும் கட்டணமின்றி எடுத்து ஆளும் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. வேறு மொழிகளுக்கும் அதனைக் கொண்டுசெல்லும் முயற்சிகள் நடந்தன. அவற்றுள் பல நிறைவு பெறவில்லை.

இந்நிரலகத்தின் அமைப்பு கருதத்தக்கது. காவற் பணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகப்பு வரையறுக்கப்பட்டுள்ளது. உள்ளே வரும் செய்தியை ஆராயும் சோதகன், வெளியே செல்லும் செய்தியைப் பத்திரமான வடிவுக்கு மாற்றும் குறியாக்கி, வந்திருப்பவர் யாரென்று அறியும் அடையாளங் காண்போன், அவர் இதைச் செய்யலாமா என்று தீர்மானிக்கும் அனுமதிக் காவலன், மறையாக்கி, ஊகிக்க இயலாத எண்களைத் தரும் உறுப்பு, நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கும் பதிவேடு, ஐயத்துக்குரிய செயல்களை எண்ணி எச்சரிக்கும் ஊடுருவல் உணரி என்பன அவற்றுட் சில. செயலியை எழுதுவோர் இம்முகப்புக்களையே அழைப்பர். உள்ளே இருக்கும் பொறியை மாற்றினாலும், முகப்பு மாறாத வரையில், செயலியின் ஏனைய பகுதிகளைத் திருத்த வேண்டுவதில்லை. வாளின் மறைப்பைப் புதியதாக மாற்றுவதற்கு ஆலையையே இடிக்க வேண்டுவதில்லை அன்றோ?

தரவு கட்டளையாதல்

வலைச் செயலிகளின் குறைகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மூலம் உண்டு. வெறும் செய்தியாக வந்த ஒன்று, போகும் வழியில் கட்டளையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதே அது.

விளக்கத்துக்காக ஒரு கப்பல் பயணச் சீட்டுப் படிவத்தைக் கற்பனை செய்துகொள்க. இஃது எந்த அலுவலகத்தின் உண்மையான படிவத்தையும் குறிப்பதன்று. பயணியின் பெயர் என்னும் கட்டத்தில் டி'சூசா என்று ஒருவர் எழுதுகிறார். வழங்கியிலுள்ள நிரல் அப்பெயரை இரு மேற்கோள் குறிகளுக்கிடையே பொருத்தி, இப்பெயருள்ள பயணியைத் தேடுக என்று தரவுத்தளத்துக்குரிய எஸ்.கியூ.எல். மொழியில் ஒரு கட்டளை வாக்கியம் அமைக்கிறது. பெயரின் நடுவிலுள்ள குறியைத் தரவுத்தளம் பெயரின் முடிவென்று கொள்ளும். எஞ்சிய எழுத்துக்கள் பொருளற்ற கட்டளையாகி, தேடல் பிழையில் முடியும். திரு. டி'சூசாவுக்குச் சீட்டுக் கிடைக்காது. இது தற்செயலான தீங்கு. தீய நோக்கமுடைய ஒருவன் அதே இடத்தில் ஒரு மேற்கோள் குறியையும், அதனையடுத்து "அல்லது 1 = 1" என்னும் பொருள்படும் கட்டளைத் துணுக்கையும் எழுதினால், எப்பொழுதும் உண்மையாகும் அந்நிபந்தனையால் எல்லாப் பயணிகளின் விவரங்களும் வெளிவந்துவிடும். 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் பிராக் என்னும் மின்னிதழில் விவரிக்கப்பட்ட இத்தாக்குதல், கால் நூற்றாண்டு கடந்தும் மறையவில்லை.

இதற்குரிய சரியான பரிகாரம், கட்டளை வாக்கியத்தை முன்னதாகவே தரவுத்தளத்துக்கு அளித்துவிட்டு, பெயரைப் பின்னர் தனியே சேர்ப்பதாகும். அப்பொழுது பெயரில் எக்குறி இருப்பினும் அது பெயராகவே இருக்கும். கட்டளையாக மாற வழியில்லை. குறிகளுக்கு மாற்றுக் குறியிட்டு அவற்றைச் செயலற்றதாக்கும் முறையும் உண்டு. ஈசாப்பியும் அதனை ஒரு காலத்தில் அளித்தது. ஆனால் ஒவ்வொரு தரவுத்தளத்தின் வழக்கும் வேறாதலின் அம்முறை முழுக்காவல் ஆகாது. 2025-ஆம் ஆண்டில் அம்முறையிலேயே ஒரு குறை அறிவிக்கப்பட்டு, 2.7.0.0 என்னும் பதிப்பில் அது தானாக இயங்காதவாறு முடக்கப்பட்டது.

பக்கத்தில் காட்டும்பொழுது எழும் இடர் வேறு வகையானது. பயணி எழுதிய பெயரை மறுபடியும் பக்கத்தில் அச்சிடும்போது, அப்பெயருக்குள் உலாவிக்குரிய நிரல் துணுக்கு ஒளிந்திருந்தால், அதைக் காணும் அலுவலரின் உலாவியில் அத்துணுக்கு இயங்கத் தொடங்கும். அலுவலரின் அதிகாரம் முழுவதும் அதற்குக் கிடைத்துவிடும். குறியாக்கியின் வேலை, சிறு கோணக் குறி போன்ற அடையாளங்களை, உலாவி கட்டளையாகக் கொள்ளாத வடிவுக்கு மாற்றுவதாகும். இங்கே மாணவர் பலரும் தவறுவது ஓரிடத்தில். பக்கத்தின் உடற்பகுதியில் பத்திரமான மாற்றம், ஒரு குறிச்சொல்லின் பண்பு மதிப்பில் போதாது. நிரல் பகுதிக்குள் மேலும் வேறு. இணைய முகவரிக்குள் இன்னும் வேறு. ஆகவேதான் ஈசாப்பி ஒரே மாற்றத்தைத் தராமல், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனி மாற்றத்தைத் தருகிறது. எவ்விடத்தில் எதை அழைப்பது என்பதை அறியாதவனுக்கு நிரலகம் உதவாது.

தமிழ்ப் பெயரும் சோதகனும்

உள்ளீட்டைச் சோதிப்பதில், தீயவற்றைப் பட்டியலிட்டு விலக்குவதைவிட நல்லவற்றை வரையறுத்து ஏற்பதே நன்று என்பது அடிப்படை விதி. தீயவற்றின் பட்டியல் ஒருநாளும் நிறைவு பெறாது. மேலும், சோதனைக்கு முன்னர் செய்தியை அதன் இயல்பான வடிவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். கோணக் குறியை நூற்றுவீதக் குறியோடு இணைந்த எண்ணாக ஒருவன் மாற்றி அனுப்பலாம். அந்நூற்றுவீதக் குறியையே மீண்டும் ஒரு முறை அவ்வாறு மாற்றி அனுப்பலாம். ஒரு முறை மட்டும் பிரித்துப் பார்க்கும் சோதகன் ஏமாந்துவிடுவான். பின்னால் இரண்டாம் முறை பிரிக்கப்படும் இடத்தில் கோணக் குறி வெளிப்படும். நேர்மையான பயணி எவரும் தம் பெயரை இருமுறை மாற்றி அனுப்புவதில்லை. ஆதலின் ஈசாப்பி இத்தகைய இரட்டை மாற்றத்தைக் கண்டவுடன், அதைத் திருத்த முயலாமல், ஊடுருவல் எனக் கொண்டு நிறுத்திவிடுகிறது.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். அந்நிரலகத்தோடு வரும் மாதிரி விதிகளுள் பத்திரமான சொல் என்பதற்கான விதி, எழுத்து, எண், இடைவெளி, புள்ளி ஆகியவற்றை ஏற்கிறது. ஆனால் அவ்விதியிலுள்ள எழுத்து என்னும் வகை, ஜாவா மொழியின் வழக்கப்படி, ரோமன் எழுத்துக்களை மட்டுமே குறிக்கும். எனவே முருகன் என்று தமிழில் எழுதிய பயணியைக் காவலன் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். தமிழர், வங்காளியர், தெலுங்கர், இந்தி பேசுவோர், நிகோபாரியர், கரேனியர் எனப் பல மக்கள் கலந்து வாழும் தீவுகளில் இவ்விதியை மாற்றாமல் பொருத்துவது, காவல் என்ற பெயரில் மக்களை விலக்குவதாகும்.

எல்லா மொழி எழுத்துக்களையும் ஏற்குமாறு விதியை விரித்துவிட்டால் போதுமா எனின், போதாது. யூனிகோடு முறையில் க, ம போன்ற உயிர்மெய் அகரங்களும் உயிர்களும் எழுத்து என்னும் வகையைச் சேர்ந்தவை. உயிர்க்குறிகளும் புள்ளியும் சார்புக்குறி என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. எழுத்துக்களை மட்டும் ஏற்கும் சோதகன், முருகன் என்னும் பெயரில் முதற் குறியிலேயே, அஃதாவது உகரக் குறியிலேயே, தடுக்கி விழுவான். ஆதலின் சார்புக்குறிகளையும் சேர்த்தே ஏற்குமாறு விதியை எழுதுதல் வேண்டும். இச்சிறு நுட்பம் ஆங்கில நூல்களில் எளிதாகக் கிட்டுவதில்லை. இந்திய மொழிகளில் செயலி அமைப்போர் தாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

இதனினும் நுட்பமானது ஒன்று. கொ என்னும் எழுத்தைக் கணிப்பொறி இரு வகையில் சேமிக்கக்கூடும்: ககரமும் ஒகரக் குறியும் என ஒரு வகை, ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு வேறு. கொற்றவை என்று ஒரு வகையில் பதிவு செய்தவர் மற்றொரு வகையில் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்ற விடை வரும். யூனிகோடு அமைப்பு வகுத்துள்ள இயல்பாக்க முறையால் இரண்டையும் ஒன்றாக்கலாம். ஜாவா மொழியில் அதற்கெனத் தனி வகுப்பு உண்டு. சோதகனை அழைக்கும் முன்பே இதனைச் செய்துவிடல் வேண்டும்.

ஸ்ரீ என்னும் எழுத்தோ இயல்பாக்கத்துக்கும் அடங்காதது. அதனை ஸகரத்தோடு தொடங்கியும் எழுதலாம். 2005-ஆம் ஆண்டில் யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடு தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தோன்றும். ஆயினும் இவ்விரண்டையும் சமமென யூனிகோடு விதிகள் கொள்வதில்லை. தலைநகரின் பெயரே ஸ்ரீ என்று தொடங்கும் இக்காலத்தில், புறப்படும் துறையைத் தமிழில் தேடும் எந்தச் செயலியும் இதனைத் தானே ஒன்றாக்கிக்கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் ஒரே நகரம் இரண்டு நகரங்களாகப் பதிவாகிவிடும். அதனால் பாதுகாப்புக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஒருவருக்கு ஒரு சீட்டே என்ற வரம்பு, பெயரை ஒப்பிட்டுப் பார்த்து நிலைநாட்டப்படுமாயின், கண்ணுக்கு ஒன்றாகவும் கணிப்பொறிக்கு இரண்டாகவும் உள்ள பெயரால் அவ்வரம்பைக் கடந்துவிடலாம்.

யாருக்கு எந்த அனுமதி?

2021-ஆம் ஆண்டு ஓவாஸ்ப் பட்டியலில் முதலிடம் பெற்றது அனுமதிக் காவலில் உள்ள குறை. இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், சென்னைப் பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர், இரயில்வேயின் பயணச் சீட்டுத் தளமாகிய ஐ.ஆர்.சி.டி.சி.யில் தம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோரிக்கையிலுள்ள பரிமாற்ற எண்ணை மாற்றினால் பிறருடைய பயண விவரங்கள் தெரிவதைக் கண்டார். அவ்வழியே பிறர் சீட்டை ரத்து செய்யவும் இயலும் நிலை இருந்தது. அவர் அதனைத் தவறாகப் பயன்படுத்தாமல், இந்தியக் கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழுவாகிய செர்ட்-இன் அமைப்புக்கு அறிவித்தார். சில நாட்களில் குறை நீக்கப்பட்டது.

இங்கே கடவுச்சொல் திருடப்படவில்லை, மறையீடு உடைக்கப்படவில்லை. வந்தவர் யார் என்பது சரியாகவே தெரிந்திருந்தது. அவர் கேட்கும் பொருள் அவருடையதா என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை. கட்டளைக் குறைகளைத் தானியங்கிக் கருவிகளால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இக்குறையைக் கருவி எளிதிற் காணாது; ஏனெனில் எந்தச் சீட்டு யாருக்குரியது என்பது அச்செயலியின் பொருளை அறிந்தவருக்கே தெரியும்.

ஈசாப்பி இதற்கு இரண்டு துணைகளைத் தருகிறது. ஒன்று அனுமதிக் காவலன்: ஒவ்வொரு கோரிக்கையிலும், இவர் இப்பொருளின்மீது இச்செயலைச் செய்யலாமா என்று ஒரே இடத்தில் கேட்டு விடை பெறும் ஏற்பாடு. மற்றொன்று சுட்டுமாற்று அட்டவணை. இதன்படி, தரவுத்தளத்தின் உண்மையான எண் உலாவிக்கு அனுப்பப்படுவதேயில்லை. அந்தப் பயணியின் மூன்று சீட்டுக்களுக்கு, அவருடைய அமர்வுக்கு மட்டும் பொருந்தும் மூன்று தற்காலிகச் சுட்டுக்கள் தரப்படும். அவர் வேறொரு சுட்டை எழுதி அனுப்பினால் அதற்கு அட்டவணையில் பொருளே இராது. இவற்றுள் முதலாவது இன்றியமையாதது. இரண்டாவது நல்ல துணை. இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுவோர் உளர், அது தவறு.

கப்பற் படிவத்தில் இதன் மற்றோர் உருவம் உண்டு. தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அதற்குத் தீவுவாசி அடையாள அட்டை சான்று. பயணி எவ்வகையினர் என்பதையோ கட்டணத் தொகையையோ படிவத்தின் மறைவான கட்டத்தில் வைத்து உலாவிக்கு அனுப்பி, அது திரும்பி வருவதை அப்படியே நம்பும் செயலியில், எவரும் தம்மைத் தீவுவாசியாக்கிக்கொள்ளலாம். அதனால் இழப்பது அரசாங்கப் பணம் மட்டுமன்று. சலுகைக்கு உரிய ஒருவரின் இடமும் போகிறது. கட்டணத்தை எப்போதும் வழங்கியே கணக்கிடுதல் வேண்டும்.

பதிவேட்டைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. செர்ட்-இன் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட உத்தரவு, இணையப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் பணித்தது. பயன்படுத்துவோர் எழுதிய செய்தியைப் பதிவேட்டில் அப்படியே எழுதினால், அதிலுள்ள வரி முறிப்புக் குறியால் பொய்யான ஒரு புதுப் பதிவையே உண்டாக்கிவிடலாம். ஈசாப்பியின் பதிவேடு அக்குறியை மாற்றிவிட்டே எழுதுகிறது.

காவலனுக்கும் காவல்

பொதுக் காவலுக்கு ஒரு விலை உண்டு. ஒரே வகை மறைப்பை எல்லா வாள்களிலும் பொருத்திய ஆலையில், அம்மறைப்பின் குறை எல்லா வாள்களின் குறையுமாகிவிடும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான லாக்4ஜே நிரலகத்தின் குறை இதனை உலகுக்கு உணர்த்தியது. பதிவேடு எழுதுவதற்கென்றே எண்ணற்ற ஜாவாச் செயலிகள் பயன்படுத்திய நிரலகம் அது. பதிவு செய்யப்படும் செய்தியில் ஒரு குறிப்பிட்ட தொடர் இருந்தால், நிரலகம் அதனைக் கட்டளையாகக் கொண்டு வெளியிலிருந்து நிரலைக் கொணர்ந்து இயக்கிவிட்டது. தரவு கட்டளையாதல் என்னும் அதே பழைய நோய், காவற்காரனின் ஏட்டிலேயே தோன்றியது எனலாம். அன்று பல நிறுவனங்களைத் திகைக்க வைத்தது குறையின் நுட்பமன்று. தம் செயலிகளுள் எவற்றில் அந்நிரலகம் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஈசாப்பியும் இதற்கு விலக்கன்று. 2013-ஆம் ஆண்டில் அதன் மறையாக்கியில் ஒரு குறை காணப்பட்டுத் திருத்தப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் காணப்பட்ட குறை படிப்பினை மிக்கது. ஒரு கோப்பகம் அனுமதிக்கப்பட்ட கோப்பகத்துக்குள் அடங்கியதா என்று பார்க்கும் சோதனை, பெயரின் தொடக்க எழுத்துக்கள் ஒத்திருந்தாலே போதும் என்று கொண்டுவிட்டது. சாத்தம் என்னும் கோப்பகத்துக்கு மட்டும் அனுமதி இருக்க, சாத்தம்-பழையது என்னும் வேறொரு கோப்பகமும் அதன் உள்ளடக்கமாகக் கருதப்பட்டது போன்றது இது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த 2.3.0.0 பதிப்பில் இது நீக்கப்பட்டது. வல்லுநர் பலர் கண்பார்வையில் இருந்த நிரலிலேயே இத்தகைய பிழை பல்லாண்டு தங்கியிருந்ததெனின், அவசரத்தில் தனியொருவர் எழுதும் சோதனையின் நிலை எவ்வாறிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

மற்றுமொரு செய்தியையும் மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஈசாப்பியோடு வரும் அடையாளங் காணும் உறுப்பு, எப்படி எழுதலாம் என்று காட்டும் மாதிரியே. பயணியர் விவரங்களை ஒரு சாதாரணக் கோப்பில் வைத்துக்கொள்ளும் அம்மாதிரியை உண்மையான சேவையில் பொருத்துவது பெருந்தவறு. புதிய செயலி தொடங்குவோர், முழு நிரலகத்தையும் எடுப்பதைவிட, ஒரே பணிக்கென அமைந்த சிறிய நிரலகங்களையோ, தாம் பயன்படுத்தும் சட்டகத்திலேயே அமைந்த காவல்களையோ முதலில் ஆராயுமாறு அத்திட்டத்தினரே அறிவுரை கூறுகின்றனர். அறிவுரை நேர்மையானது, பழைய செயலிகளைக் காத்து வருவோருக்கே ஈசாப்பியின் பயன் இன்று மிகுதி.

பொதுக் காவல் என்னும் கருத்து நிரலக அளவில் நில்லாது மேலும் உயர்ந்துள்ளது. 1976-ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய தகவலியல் மையம், அரசாங்கத் தளங்களைத் தனித்தனியே கட்டுவதற்கு மாறாக, ஒரே பாதுகாப்பான சட்டகத்திலிருந்து ஆக்கித் தரும் ஏற்பாட்டை மாவட்டங்களுக்கு அளித்துள்ளது. இதில் ஒரு திருத்தத்தை மையத்தில் செய்தால் பல தளங்களுக்கும் பயன் கிட்டும். ஆனால் சீட்டு வழங்குதல் போன்ற தனித்தன்மையுள்ள பணிகளுக்கு வேறு செயலி எழுதியே ஆகவேண்டும். அங்கே பொறுப்பு மீண்டும் எழுதுவோரிடமே வந்து சேருகிறது.

அத்தகைய குழுவினர் இரண்டு ஏடுகளை வைத்துக்கொள்வர். ஒன்றில், செயலியில் சேர்ந்துள்ள நிரலகங்கள் யாவை, ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பு, அதனை இழுத்து வந்த வேறு நிரலகம் எது என்பன இருக்கும். செர்ட்-இன் எச்சரிக்கை வந்தவுடன் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மற்றதில், புதிய பதிப்பைப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் செலுத்திப் பார்க்கவேண்டிய மாதிரி உள்ளீடுகள் இருக்கும். டி'சூசா என்னும் பெயர், இரு வகையாக எழுதிய கொற்றவை, இரு வகையாக எழுதிய ஸ்ரீ விஜயபுரம், இருமுறை மாற்றிய கோணக் குறி, பிறர் சீட்டின் எண், மாற்றியெழுதிய கட்டண வகை, வரி முறிப்புள்ள முகவரி என்பன அதில் அடங்கும். முதல் மூன்றும் தடையின்றி உட்செல்லுதல் வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் இரு வகையிலும் ஒரே துறையாகப் பதிவாதல் வேண்டும். இருமுறை மாற்றிய குறியும் பிறர் சீட்டின் எண்ணும் வாயிலிலேயே நிறுத்தப்படுதல் வேண்டும். கட்டண வகை எப்படி வந்தாலும் தொகை வழங்கி கணக்கிட்டதாகவே இருத்தல் வேண்டும். கடைசி முகவரி பதிவேட்டில் ஒரே வரியாக விழவேண்டும்.